மக்ரீனாவின் தங்கச்சி

கரடி என்ற சொல்லைத் தராசோவாவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மலைக்கு அந்தப்புறம் படுத்திருந்தாலும் தன் பெயர் அதன் காதில் விழுந்துவிடும் என்பார்கள். வயதான ஆண் என்றால் பெரியவர். இளசுகள் பையன்கள். குட்டி போட்டது வீட்டம்மா. கடையில் நின்று ஒருத்தர், "நேத்து பெரியவர் வந்து என் மீன் கொட்டகையைத் திறந்து பாத்துட்டுப் போனார்" என்று சொன்னால், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை, "உங்க மாமனாரா?" என்று கேட்பாள், ஊர் சிரிக்கும்.

மக்ரீனா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். நாற்பது வீடுகள், நீலக் கூம்பு வைத்த ஒரு தேவாலயம், சரளைக்கல் ஓடுதளம், அதன் முனையில் தபால் அறை. அவ்வளவுதான் ஊர். மே மாதக் கடைசியில் பனி இளகியதும் அவள் படகேறி, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் செமியோன் விரிகுடாவுக்குப் போய்விடுவாள். கூடாரம் அடித்து, சுற்றிலும் மின்கம்பி இழுத்து, கேமராவோடு வரும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்ப் புல்வெளியில் உட்கார வைத்து, அங்கே மேய வரும் பெரியவர்களைக் காட்டுவாள். செப்டம்பரில்தான் வீடு திரும்புவாள். அவள் எடுத்த படங்கள் பள்ளிக்கூடத்திலும் மருத்துவ அறையிலும் தபால் அறையிலும் தொங்குகின்றன. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்தது அந்தப் படங்களும், ஓர் ஆறாத புண்ணும்தான்.

அந்த ஊரில் சொல்லக் கூடாத பெயர் இன்னொன்றும் இருந்தது. ஸ்டெபனிதா. மக்ரீனாவின் காதுபட அதை யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளே தடை போட்டிருந்தாள்.

ஸ்டெபனிதா அவளுடைய கூடப் பிறந்த தங்கை. பதினாறு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பள்ளிக்கூட வாசலில் அழுதவளை விட்டுவிட்டு மறைவில் நின்று தானும் அழுதது எல்லாம் மக்ரீனாதான். கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம், "முதல்ல இவ வளரட்டும்" என்று தள்ளிப் போட்டாள். அவள் வளர்ந்தாள். அக்காவுக்கு வயது போய்விட்டது.

வளர்ந்தவள் கவ்ரில் மேல் ஆசைப்பட்டாள். வெளியூர் வேட்டைக்காரர்களுக்கு வழி காட்டுகிறவன். நல்லவன்தான், குடிக்காத நாட்களில். ஒரு வசந்தத்தில் அவன் கூட்டிப்போன ஆள் ஒரு வீட்டம்மாவைச் சுட்டுவிட்டான். குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம். குட்டி எதுவும் இல்லை என்று கவ்ரில் அதிகாரியிடம் சத்தியம் செய்தான். ஆனால் மூன்று நாட்களுக்கு முன்னால் மக்ரீனா எடுத்த படம் ஒன்று இருந்தது. அதே தாய், நெஞ்சில் அதே வெள்ளைத் தழும்பு, மடியில் முட்டி முட்டிப் பால் குடிக்கும் இரண்டு வயதுக் குட்டி. படத்தின் ஓரத்தில் தேதி.

அவள் அந்தப் படத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டாள். கவ்ரிலுக்கு மூன்று மாதம் சிறை. வழிகாட்டி உரிமம் போனது. நிச்சயம் செய்திருந்த கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டாள் ஸ்டெபனிதா. பெட்டி கட்டியாகிவிட்டிருந்தது.

"சொன்னா நீ அவனுக்குச் சொல்லியிருப்பே."

"உனக்கு அதுங்கதான் உறவு. நான் யாரு?"

"போறவ போ. திரும்பி வந்து இந்த வாசல்ல நிக்காதே."

கோபத்தில் வந்த வார்த்தை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? விமானம் கிளம்பிப் போனபோது மக்ரீனா தபால் அறைக்குப் பின்னால் நின்று அது மேகத்துக்குள் போகும்வரை பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, தங்கையின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஜூனில் செமியோன் விரிகுடாவுக்கு அந்தக் குட்டி தனியாக வந்தது. தாயில்லாதது தேறுவது கடினம். விலா எலும்பு தெரிந்தது, இடது காது கிழிந்திருந்தது. பெரியவர்கள் மேயும் பக்கம் போகப் பயந்து, கோரைப்புல்லின் ஓரத்திலேயே பதுங்கிப் பதுங்கி மேய்ந்தது. மக்ரீனா நூறு அடி தள்ளி மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை அறியாமல் வாயில் வந்தது.

"வா தங்கச்சி. பயப்படாதே."

அப்படி ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். படகுக்காரர்கள் கேட்டு அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். "மக்ரீனா, உன் தங்கச்சி இன்னைக்குச் சிப்பி தோண்டிக்கிட்டு இருந்தா." "உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்திருக்கார், பாத்தியா?" ஐந்து வருஷத்தில் ஊரில் தங்கச்சி என்றாலே அந்தக் கிழிந்த காதுதான். மனுஷத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள் என்பதைச் சின்னப் பிள்ளைகள் அறியவே இல்லை.

பதினாலு கோடைகள் அவளைப் படம் எடுத்தாள். அலை வற்றிய சேற்றில் மூக்கால் மோப்பம் பிடித்து, தோண்டி, சிப்பியை நகத்தால் புத்தகம் மாதிரி விரிப்பதை. முதல் ஈற்றில் ஒரு குட்டியைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு நாள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை. வெளியூர்க்காரர்கள் கேமராவை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன பிறகும் அவள் மட்டும் கண்ணை எடுக்க மாட்டாள். அப்போது அவள் பார்த்தது எதை என்று யார் கேட்டார்கள்?

இந்த வருஷம் ஜூன் பாதி கடந்தும் தங்கச்சி வரவில்லை. தினமும் சாயங்காலம் மக்ரீனா கடல் ரேடியோவில் கேட்பாள். "தங்கச்சியைப் பாத்தீங்களா?" படகுகள் ஒவ்வொன்றாக, இல்லை இல்லை என்று பதில் சொல்லும். கடைசியாகத் தபால் அறையிலிருந்து உஸ்தினியாவின் குரல் வரும். "வருவாடி. பொறு."

உஸ்தினியா அவளோடு ஒன்றாகப் படித்தவள். தபால், ஓடுதளம், ரேடியோ மூன்றும் அவள் பொறுப்பு. இளகிய மனசு. ஒரு இலையுதிர் காலத்தில் மெலிந்த பையன் ஒருத்தனுக்கு மீன் தலைகளைப் பின்வாசலில் போட்டுவிட்டாள். அவன் தினமும் வர ஆரம்பித்து, கடைசியில் துப்பாக்கியால்தான் அந்தக் கதை முடிந்தது. ஊட்டினவனே குழி வெட்டினவன் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மக்ரீனா அதை அவளிடம் சொல்லிக் காட்டாத வருஷம் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணி. அலை முழுக்க வற்றி, மக்ரீனாவின் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. புல்வெளியில் அவளோடு ஒஹாயோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர் வெர்னனும் அவர் மனைவி லொரெய்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்து நிக்கலாமா? கால் மரத்துப்போச்சு" என்றார் வெர்னன்.

"நின்னா நீங்க பெரிசாத் தெரிவீங்க. அவங்க சந்தேகப்படுவாங்க. சேர்ந்து உக்காருங்க, எவ்வளவு கிட்ட வரணும்கிறதை அவங்க முடிவு பண்ணட்டும்."

"நாற்பது வருஷமா ஜனங்களை நான் உக்கார வச்சேன். இப்ப எனக்குத் தண்டனை" என்றார் அவர் மனைவியிடம்.

ரேடியோ கரகரத்தது. உஸ்தினியா. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மக்ரீனா, கேக்குதா? உன் தங்கச்சி வந்திருக்காடி."

மக்ரீனா ரேடியோவை வாயருகே கொண்டுபோனாள். "எங்கே?"

"இங்கதான். ஓடுதளத்துப் பக்கம். ரெண்டு குட்டிங்களோட வந்து நிக்கிறா. ரொம்ப இளைச்சுப் போயிருக்கா, பாக்கவே..." கரகரப்பு விழுங்கியது. "...மீன் அப்பம் சூடா இருக்கு, குடுக்கட்டுமா?"

தங்கச்சி ஊருக்குள் வந்துவிட்டாள். குட்டிகளோடு. இந்தப் பைத்தியக்காரி அப்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். யாராவது பயந்துபோய்த் துப்பாக்கியை எடுத்துவிட்டால்?

"உஸ்தினியா, நான் சொல்றதைக் கேளு" என்றாள். குரல் கல்லாக இருந்தது. "ஒரு வாய்கூடக் குடுக்காதே. ஒரு தடவை தின்னா ருசி கண்டு வந்துக்கிட்டே இருப்பா. யாரும் கிட்டப் போகாதீங்க. பேச்சுக் குடுக்காதீங்க. வந்த வழியே அனுப்பிடுங்க. போகலைன்னா தகரத்தைத் தட்டி விரட்டுங்க. இங்க அவளுக்கு இடமில்லைன்னு அவளுக்கும் அந்தக் குட்டிங்களுக்கும் புரியணும்."

பதில் இல்லை.

"கேட்டுதா?"

கரகரப்பு மட்டும். மக்ரீனா நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, சொன்னதைச் செய்யப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபது நிமிஷம் கழித்து உஸ்தினியா திரும்ப வந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"போயிட்டா. உனக்குத் திருப்திதானே? ரேடியோ சத்தமா வச்சிருந்தேன். நீ பேசினது முழுக்க அவ காதுல விழுந்துச்சு. ஒரு வார்த்தை பேசலை. சின்னது மட்டும் சிவப்புத் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னுது. பெரியம்மா வீட்டுக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கா..."

"தொப்பியா?" என்றாள் மக்ரீனா.

"என்னது?"

"எந்தக் குட்டிக்குத் தொப்பி?"

பிறகு உஸ்தினியா மெல்ல, "அய்யோ, மக்ரீனா" என்றாள்.

கையிலிருந்த ரேடியோ நழுவிப் புல்லில் விழுந்தது. பதினாலு வருஷம். எத்தனை தபால் விமானம் தலைக்கு மேல் போயிருக்கும், எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்பாள். வந்தவளைத் தன் வாயாலேயே, பிள்ளைகள் முன்னால், தகரம் தட்டி விரட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அவளை நிறுத்து" என்றாள் ரேடியோவை எடுத்து.

"எப்படி? ஹால்வர் விமானத்தைக் கிளப்பிட்டான். லாசரேவ் துறைக்குப் போறாங்க, கவ்ரிலுக்கு அங்க மீன் ஆலையில வேலை. போற வழியில ரெண்டு மணி நேரம் இங்க நிக்கிறதா இருந்துச்சு, நீ சொன்னதைக் கேட்டதும் அவ விமானத்துல போய் ஏறிட்டா. உன்னைப் பாக்கத்தான் இந்த விமானத்துக்குச் சீட்டு எடுத்திருக்கா."

மக்ரீனா படகை நோக்கி ஓடினாள். புல்வெளியில் ஓடக் கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் ஓடினாள். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை தூக்கிப் பார்த்தார். படகு அரை மைல் சேற்றுக்கு நடுவில் கிடந்தது. படகு மிதக்கும் அளவுக்கு அலை ஏற இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். அவள் முழங்கால் அளவு சேற்றில் நின்றாள்.

வடக்கே எஞ்சின் சத்தம் கேட்டது.

ஹால்வர் மீன்பிடிப் படகுகளின் பேச்சைக் கேட்கக் கடல் ரேடியோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் பறப்பான். அதற்கு ஒரே அலைவரிசைதான், கரை முழுக்கக் கேட்கும் அலைவரிசை. மக்ரீனா பொத்தானை அழுத்தினாள். எதைச் சொல்வது? தங்கச்சி என்ற வார்த்தை இனி உதவாது. அதை அவளே தேய்த்துவிட்டாள்.

"ஹால்வர், சத்தத்தைக் கூட்டி வை. ஸ்டெபனிதா, நான் மக்ரீனா பேசறேன். நான் உன்னைச் சொல்லலை. கரடியைச் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து சொல்லாத சொல். மலை அப்படியே நின்றது.

"காது கிழிஞ்ச ஒரு கரடி. நீ ஊரை விட்டுப் போன மாசம் வந்துச்சு. அதைத்தான் தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உன் பேரைச் சொல்ல விடாம ஊர் வாயைக் கட்டினது நான். நீ வருவேன்னு எனக்குத் தோணவே இல்லை, ஸ்டெபனிதா. அதான் புரியலை. கடற்கரை மணல் கெட்டியா இருக்கு, ஹால்வர். இறங்கலாம். அவ சொன்னா இறங்கு. அவ வேண்டாம்னா..." பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

விமானம் தலைக்கு மேல் வந்தது, தாண்டியது, தெற்கே சிறுத்துக்கொண்டே போனது. அவள் உயிரும் கூடவே போனது.

பிறகு ஹால்வரின் குரல் வந்தது. "கேட்டுது. எனக்கும் கேட்டுது, பதினேழு படகுக்கும் கேட்டுது. யோசிக்கிறா. இன்னொரு சுத்து சுத்தச் சொல்றா."

மூன்று சுற்று சுற்றியது விமானம். மூன்றாவதில் இறங்கியது. அலை விட்டுப்போன ஈர மணலில் பருத்த சக்கரங்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடி நின்றன. "இருபது நிமிஷம். தெற்கே மூடுபனி கட்டுது" என்றது ரேடியோ.

மக்ரீனா சேற்றிலிருந்து கால்களை இழுத்து மணலுக்கு ஏறினாள். கதவு திறந்தது. நீல மேலங்கி போட்ட ஒரு பெண் இறங்கி, இறக்கையின் கீழ் நின்றாள். அவ்வளவு தூரத்திலும் மக்ரீனாவுக்கு அந்த நிற்கும் தினுசு தெரிந்தது. ஒரு காலில் கனத்தைப் போட்டு, மூன்று வயதில் நின்ற மாதிரியே.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடித்தது உடம்பு. இரண்டு அடி வைத்தாள். அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். மக்ரீனா நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். சேற்றுக் காலோடு மணலில் மெதுவாக உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு கிட்ட வருவது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

பின்னால் வந்துகொண்டிருந்த வெர்னனும் லொரெய்னும் அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, ஏதோ ஆபத்து என்று, இருந்த இடத்திலேயே ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஸ்டெபனிதா வந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். முப்பத்தாறு வயது முகத்தில் அதற்குள் கோடுகள்.

"எனக்கு இடம் கிடையாதுன்னு பிள்ளைங்க முன்னாடி சொல்லிட்டியே, அக்கா."

"தெரியும்."

"அக்சினியா கேக்கறா, பெரியம்மா ஏன் நம்மளைத் தகரம் தட்டி விரட்டச் சொன்னாங்கன்னு."

"நான் கிறுக்கின்னு சொல்லு."

"அதை முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன்." சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் படத்தைக் குடுத்தது தப்புன்னு சொல்லு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தங்கை மடியில் விழுந்திருப்பாள். தாயில்லாமல் புல்லோரத்தில் பதுங்கிய அந்தக் குட்டி கண்ணில் நின்றது.

"குடுத்தது தப்பில்லை" என்றாள். "உன்கிட்ட சொல்லாமக் குடுத்தது தப்பு. வாசல்ல நிக்காதேன்னு சொன்னது பெரிய தப்பு. பதினாலு வருஷம் ஒரு கடிதாசி போடாதது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஸ்டெபனிதா கடலைப் பார்த்தாள்.

"கவ்ரில்கூட அப்படித்தான் சொல்றான்" என்றாள் கடைசியில். "உங்க அக்கா பண்ணது சரிதான், எனக்குத்தான் அன்னைக்குக் கண்ணு தெரியலைன்னு. அவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு உன் மேலதான் எரிச்சலா வரும்." திரும்பி விமானத்தைப் பார்த்துக் கையசைத்தாள். "வாங்கடி. கடிக்க மாட்டா."

இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். பெரியவளுக்குப் பதினொன்று இருக்கும். சின்னவள் சிவப்புத் தொப்பியைக் காது மறைய இழுத்து விட்டிருந்தாள். மக்ரீனாவின் பையில் புகைபோட்ட சால்மனும் மாலுமி ரொட்டியும் இருந்தன. பிய்த்து நீட்டினாள்.

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள் சின்னவள், மீனை வாங்காமல்.

"சொன்னேன்."

"ருசி கண்டா வந்துக்கிட்டே இருப்போம்னு சொன்னீங்க."

மக்ரீனா மீனை நீட்டியபடியே இருந்தாள், கண்ணீர் மூக்கின் நுனியில் சொட்ட. அக்சினியா என்ற பெரியவள்தான் தங்கைக்காகக் கை நீட்டி வாங்கிக் கொடுத்தாள். ஸ்டெபனிதா அக்காவின் பக்கத்தில், தோள் படாமல், மணலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் பட்டது. இருவரும் நகரவில்லை.

ஹால்வர் எஞ்சினை முடுக்கினான்.

"நீ இங்கேயே..." என்று ஆரம்பித்தாள் மக்ரீனா.

"முடியாது. திங்கக்கிழமை வேலையில சேரணும். அடுத்த கோடைக்கு லீவு கிடைக்குமான்னுகூடத் தெரியாது." எழுந்து மணலைத் தட்டினாள். "நீ வா. எப்பவும் நாங்கதான் வரணுமா? கோடை முழுக்க அதுங்ககூட உக்காந்திருக்க உனக்கு நேரம் இருக்கு."

விமானம் போனது. வெர்னன் தயங்கித் தயங்கி வந்து, "இப்ப எழுந்திருக்கலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கோடை முழுக்கக் கிழிந்த காது வரவே இல்லை. குளிர்காலத்தில் என்ன ஆனதோ, யாருக்கும் தெரியாது. மக்ரீனா புல்வெளியில் உட்கார்ந்தாள், கூட வந்தவர்களுக்குக் காட்டினாள், சொன்னாள். ஆனால் ஜூலையிலேயே அவளுடைய கண் அடிக்கடி தெற்கே போய்விடும். லாசரேவ் துறைக்கு மூன்று மணி நேரப் பறப்பு. ஆகஸ்டில் சால்மன் ஆற்றில் நெருக்கியடித்து ஏறி, கரையோரம் திருவிழா மாதிரி ஆகும். வருஷத்தின் சிறந்த படங்கள் கிடைக்கும் நாட்கள். பதினாலு வருஷத்தில் அவள் அதைத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு வர இருந்தவர்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஹால்வரின் விமானத்தில் போய் ஏறினாள்.

"எடை எவ்வளவு?" என்றான் ஹால்வர், தாளைப் பார்த்தபடி.

"அறுபத்தஞ்சு கிலோ."

"மூட்டையோட சேத்தா, சேக்காமலா?"

"மூட்டை அதுக்கு மேல. மீன், ஊறப்போட்ட பெர்ரி, உஸ்தினியா குடுத்த அப்பம். அன்னைக்குக் குடுக்க முடியாமப் போனதுக்காக மூணு சுட்டுக் குடுத்திருக்கா."

"அப்ப நான்தான் இறங்கணும்" என்று முணுமுணுத்து மூட்டையைப் பின்னால் தள்ளினான்.

செமியோன் விரிகுடாவுக்கு மேலே வரும்போது ஹால்வர் விமானத்தை ஒருபக்கம் சாய்த்தான். "கீழே பாரு. ஆத்துல பன்னெண்டு பேர் நிக்கறாங்க. கேமரா எங்கே?"

"பையில இருக்கு."

"எடுக்கலையா?"

மக்ரீனா கீழே பார்க்கவில்லை. முன்னால், மேகம் பிளந்து கடல் வெளுத்திருந்த தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கடிதாசி, நாலாக மடித்தது, பென்சிலில் எழுதியது. மீன் ஆலைக்குப் பின்னால் மஞ்சள் வீடு, கதவு தட்ட வேண்டாம், திறந்தே இருக்கும் என்று அக்சினியா எழுதியிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள், கிளம்பிய பிறகு நாலாவது தடவையாக.